பனியுக அரங்க நிர்வாகத்தாருக்கு: அந்தப் பலகையை அடுத்த ஊருக்குக் கொண்டுபோகாதீர்கள்

பனியுக அரங்க நிர்வாகத்தாருக்கு,

உங்கள் அரங்கில், அழிந்துபோன மயிரடர்ந்த யானை இனமான கம்பளி மாமூத்தைப் பற்றி வைத்திருக்கும் பலகை தவறு என்று எழுதிக் கொடுத்திருந்தேன். பதிலாக என் கைபேசிக்கு ஒரு கும்பிடு படமும், பள்ளிக் குழுக்களுக்குச் சிறப்புத் தள்ளுபடி என்ற விளம்பரமும் வந்தன. அரங்கம் அதே பலகையோடு அடுத்த மாதம் பக்கத்து மாவட்டத்துக்குப் போகிறது, அங்குள்ள பள்ளிகளுக்கும் அழைப்பு போய்விட்டது என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். தனியாகச் சொல்லிப் பயனில்லை. ஆகவே எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை உங்கள் அரங்குக்கு அழைத்து வந்தேன். தகரக் கொட்டகை, ஓரமாக ராட்சத மின்விசிறிகள், தரையெல்லாம் தெர்மாகோல் பனி. நடுவில் நின்ற மாமூத் தலையைத் திருப்பித் தும்பிக்கையைத் தூக்கியதும் பிள்ளைகள் போட்ட கூச்சலில் எனக்கே சிலிர்த்தது. வயிற்றுக்குள் மோட்டார் கரகரவென்று ஓடியதையோ, பின்னங்காலில் ரோமத் துணி பிரிந்து தொங்கியதையோ யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செய்தவர் உழைத்துத்தான் செய்திருக்கிறார்.

அதன் காலடியில் இருந்த பலகைதான் பிரச்சினை. படம் எடுத்து வைத்திருக்கிறேன். உள்ளது உள்ளபடி: "கம்பளி மாமூத். வாழ்ந்த இடம்: வட துருவப் பனிப்பாறைகள். வாழ்ந்த காலம்: டைனோசர்கள் அழிந்ததும் தொடங்கிய பனியுகம். அழிந்தது: 10,000 ஆண்டுகளுக்கு முன். காரணம்: திடீரென்று வீசிய பனிப்புயலில் வாயில் புல்லோடு நின்றபடியே உறைந்தன." வெளியே போகும் வழியில் ஒரு பிளெக்ஸ்: "2028-ல் உயிரோடு திரும்பி வருகிறது!"

இதைச் சுட்டிக்காட்டியபோது உங்கள் மேலாளர் சிரித்துக்கொண்டே, "போர்டை யாரு டீச்சர் படிக்கிறாங்க? எல்லாரும் செல்ஃபி எடுக்கத்தானே வர்றாங்க" என்றார். அப்போது என் மாணவி ஒருத்தி அந்தப் பலகைக்கு முன்னால் நின்று, அதை வரி விடாமல் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். திரும்பும் வழியில் பேருந்தில் கேட்டாள்: "குளிருக்குன்னே அவ்வளவு முடி வச்சிருந்த மிருகம் குளிர்ல எப்படி டீச்சர் செத்துச்சு?"

பலகை எழுதியவருக்கு வந்திருக்க வேண்டிய கேள்வி இது. எங்கே, எப்போது, ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி ஒதுக்கி முடித்துவிட்டீர்கள். மாமூத் விஷயத்தில் அப்படிப் பிரித்துச் சொல்லவே முடியாது. அது ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே காரணத்தால் அழியவில்லை. ஒவ்வோர் இடத்திலும் வெவ்வேறு காலத்தில் அழிந்தது. அந்த இடமும் காலமும் தெரிந்தால்தான் ஏன் என்று பேசவே முடியும். என் புகார் முழுக்க இந்த ஒன்றுதான்.

இடத்திலிருந்து தொடங்குகிறேன். இன்றைய யானை ஒரு நாளைக்கு 150 கிலோ வரை தின்னும். ஏறக்குறைய அதே உடம்புள்ள மாமூத்தும் அதற்குப் பக்கமாகத் தின்றிருக்கும். பனிப்பாறை மேல் நிற்க வைத்துவிட்டீர்களே, அங்கே எதைத் தின்னும்? மாமூத் வாழ்ந்தது புல்வெளியில். குளிர்ந்த, காய்ந்த, மரங்கள் அதிகமில்லாத புல்வெளி. ஆய்வாளர்கள் அதை மாமூத் புல்வெளி என்றே அழைக்கிறார்கள். ஸ்பெயினில் தொடங்கி, ஐரோப்பா, சைபீரியா வழியாக அலாஸ்கா, கனடாவின் யூகான் வரை அது விரிந்து கிடந்தது. தெற்கே ஸ்பெயினின் கிரனடா பக்கத்தில் பதூல் என்ற இடத்தில்கூட மாமூத் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. அது மத்தியதரைக் கடலோரத்தை ஒட்டிய பகுதி, துருவத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பனியுகம் என்றால் பூமியே பனிக்கட்டியாகக் கிடந்தது என்று உங்கள் அரங்கின் ஒலிபெருக்கி சொல்கிறது. கனடாவின் பெரும்பகுதியும் ஸ்காண்டிநேவியாவும் பனிப் படலத்தின் அடியில் இருந்தது உண்மை. ஆனால் வடகிழக்குச் சைபீரியாவின் சமவெளிகளை அந்தப் பனிப் படலம் மூடவே இல்லை. குளிர் கடுமைதான், ஆனால் பனி பொழிய வேண்டிய ஈரம் காற்றில் இல்லை. கோடையில் வெயில் அடித்தது, புல் வளர்ந்தது. உலகின் தண்ணீரில் அவ்வளவு பெரிய பங்கு பனிக்கட்டியாக நிலத்தில் கட்டுண்டு கிடந்ததால் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஆசியாவுக்கும் அலாஸ்காவுக்கும் நடுவே இன்று கடலாக இருக்கும் இடம் அன்று நடந்து போகிற நிலம். இங்கிலாந்துக்கும் நெதர்லாந்துக்கும் இடைப்பட்ட வடகடலும் அப்படித்தான். இன்றும் அங்கே அடிக்கடல் வலை போடும் மீனவர்களுக்கு மீனோடு மாமூத்தின் கடைவாய்ப்பல் ஏறி வருவது உண்டு. இதைப் பலகையில் போட்டிருந்தால் பிள்ளைகள் வாயைப் பிளந்திருப்பார்கள். செலவும் ஒரு வரிதான்.

அந்தக் கடைவாய்ப்பல்லைப் பார்த்தால் புல்வெளியைப் பற்றிச் சந்தேகமே வராது. ஒரு பல்லில் 26 வரை எனாமல் மேடுகள், ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கி அடுக்கியிருக்கும். மண்ணும் மணலும் ஒட்டிய முரட்டுப் புல்லை ஆயுள் முழுக்க அரைப்பதற்கு வாய்த்த அமைப்பு அது. அரைத்து அரைத்துத் தேய்ந்ததும் பின்னாலிருந்து அடுத்த பல் தள்ளிக்கொண்டு வரும். ஆயுளில் இப்படி மொத்தம் ஆறு தொகுதிப் பற்கள். இன்றைய யானைக்கும் இதே கணக்குதான். உங்கள் மாமூத்தின் வாயைத் திறந்து பார்த்தேன். இரண்டு வரிசையில் வெள்ளை வெளேரென்று மனிதப் பல் வைத்திருக்கிறீர்கள்.

காதையும் சொல்லிவிடுகிறேன். முறம் போல இரண்டு காதுகள், போதாக்குறைக்கு விசிறுகின்றன. வெப்பத்தை வெளியேற்றுவதற்குத்தான் ஆப்பிரிக்க யானைக்கு அவ்வளவு பெரிய காது. உறைபனியில் அப்படி ஒரு காது இருந்தால் அதுவே உயிருக்கு உலை. கம்பளி மாமூத்தின் காது ஒரு முழம்கூட இல்லை, வாலும் குட்டை. தோலுக்கு அடியில் 8 முதல் 10 சென்டிமீட்டர் வரை கொழுப்பு, அதன் மேல் அடர்ந்த உள்மயிர், அதற்கும் மேலே ஒரு மீட்டர் அளவுக்குத் தொங்கும் வெளிமயிர். அதன் ரத்தத்தில் இருந்த ஹீமோகுளோபினே கடுங்குளிரிலும் ஆக்சிஜனை விட்டுக்கொடுக்கும்படி மாறியிருந்தது என்று 2010-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மாமூத்தைக் கண்ணால் பார்த்த மனிதர்கள் பிரான்ஸின் ரூஃபின்யாக் குகையில் 150-க்கும் மேற்பட்ட மாமூத்துகளை வரைந்து வைத்திருக்கிறார்கள். அந்தப் படங்களை ஒரு முறை பார்த்திருந்தாலே உங்கள் பொம்மைக்கு இந்தக் காது வந்திருக்காது.

அடுத்தது காலம். டைனோசர்கள் அழிந்தது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். மாமூத் வம்சம் ஆப்பிரிக்காவில் தோன்றியது சுமார் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன். ஆமாம், ஆப்பிரிக்காவில், மயிர் எதுவும் தேவைப்படாத ஊரில். அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் பரவி, வழியில் பல இனங்களாகப் பிரிந்து, கடைசியில் சைபீரியாவில் கம்பளி மாமூத் உருவானதற்கு 7 லட்சத்திலிருந்து 4 லட்சம் ஆண்டுகள் வரை வயது சொல்கிறார்கள். அதன் முன்னோர்களின் பல்லிலிருந்து பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் பழைய டிஎன்ஏவையே எடுத்துப் படித்து 2021-ல் வெளியிட்டார்கள். டைனோசருக்கும் மாமூத்துக்கும் நடுவே ஆறு கோடி ஆண்டுகள் இருக்க, நீங்கள் ஒரு திரைச்சீலைதான் வைத்திருக்கிறீர்கள். மாமூத் தலையாட்டும்போது அந்தப் பக்கத்திலிருந்து டைனோசரின் உறுமல் கேட்கிறது. பிள்ளைகள் இரண்டும் சண்டை போட்டுக்கொண்டன என்றே நினைத்தார்கள்.

அப்புறம் அந்தப் பனிப்புயல் கதை. இது உங்கள் கண்டுபிடிப்பு இல்லை, தெரியும். நூறு ஆண்டுகளாகச் சுற்றி வருகிறது. சைபீரியாவின் பெரெசோவ்கா ஆற்றங்கரையில் 1900-ல் கண்டெடுத்த மாமூத்தை வைத்துக் கிளம்பியது. அதன் பற்களுக்கிடையே புல் இருந்தது உண்மைதான். ஆனால் அதன் இடுப்பெலும்பும் முன்னங்காலும் முறிந்திருந்ததை அந்தக் கதை சொல்வதில்லை. எங்கேயோ சரிந்த கரையிலிருந்து விழுந்து, எழ முடியாமல் மண்ணுக்குள் சிக்கிச் செத்த மிருகம் அது. தலைப் பகுதியை வேறு விலங்குகள் தின்றிருந்தன, உள்ளே சதை அழுகத் தொடங்கியிருந்தது. கண்மூடித் திறப்பதற்குள் உறைந்த உடம்பு அழுகாது. அதன் வாயிலும் வயிற்றிலும் இருந்தவை புல்வெளித் தாவரங்கள், விதை முற்றிய நிலையில். அது செத்தது கோடையில்.

2007-ல் யமால் தீபகற்பத்தில் கலைமான் மேய்க்கும் நேனெத்ஸ் மனிதர் ஒருவர் கண்ணில் பட்ட லூபா என்ற மாமூத் குட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்து ஒரு மாதம் போல இருக்கும். 50 கிலோ எடை, இமை மயிர்கூட மிச்சம். அதன் தும்பிக்கையிலும் தொண்டையிலும் சேறு அடைத்திருந்தது. தாயோடு ஆற்றைக் கடக்கும்போதோ என்னவோ, சேற்றில் சிக்கி மூச்சுத் திணறி இறந்திருக்கிறது. அது நடந்து ஏறத்தாழ 42,000 ஆண்டுகள். லாப்டெவ் கடலோரத்தில் 2010-ல் கிடைத்த யூகா என்ற மாமூத் இறந்து சுமார் 39,000 ஆண்டுகள். 2022-ல் யூகானில் தங்கச் சுரங்கம் தோண்டும்போது கிடைத்த குட்டி நுன் சோ கா 30,000 ஆண்டுகளுக்கும் பழையது. ஒரே புயலில் உறைந்தவை என்றால் இவற்றுக்கு இடையே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எங்கிருந்து வந்தன? எட்டாம் வகுப்புக் கணக்குதான் இது. உறைந்த உடல் ஒவ்வொன்றும் தனி விபத்து. மற்ற கோடிக்கணக்கானவை எல்லா விலங்கையும் போலச் செத்து, அழுகி, எலும்பாகப் போயின.

சரி, ஏன் அழிந்தன? என் மாணவியின் கேள்விக்கு வருகிறேன். குளிர் கொல்லவில்லை. குளிர் போனதுதான் தொல்லையாயிற்று.

சுமார் 14,700 ஆண்டுகளுக்கு முன் வடபகுதி வேகமாகச் சூடேறியது. நடுவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மறுபடி குளிர்ந்து, 11,700 ஆண்டுகளுக்கு முன் இன்றுள்ள வெதுவெதுப்பான காலம் தொடங்கியது. பனிப் படலம் உருகிற்று, கடல் ஏறிற்று, காற்றில் ஈரம் கூடிற்று. காய்ந்த புல்வெளி இருந்த இடத்தில் பாசி படர்ந்த சதுப்பும், குட்டை பிர்ச் புதரும், பிறகு காடும் வந்தன. பச்சைப் பசேலென்று இருந்தாலும் மாமூத்தின் பல்லுக்கும் வயிற்றுக்கும் அதில் தீனி இல்லை. குளிர்காலத்தில் பனிப்பொழிவு கூடியதால், இருக்கிற புல்லும் ஆழத்தில் புதைந்தது. 42,000 ஆண்டுகளுக்கு முன் அதற்கு ஏற்ற நிலம் 77 லட்சம் சதுர கிலோமீட்டர் இருந்தது என்றும், 6,000 ஆண்டுகளுக்கு முன் அது 8 லட்சமாகக் குறைந்திருந்தது என்றும் 2008-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. பத்தில் ஒரு பங்குதான் மிச்சம்.

இதோடு நிறுத்தினாலும் பாதிக் கதைதான். ஏனென்றால் சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன்னும் பூமி இதே அளவுக்கு, சில இடங்களில் இதைவிடவும் சூடாக இருந்தது. அப்போதும் புல்வெளி சுருங்கியது. மாமூத்துகள் வடக்கே ஒதுங்கிப் பிழைத்துக்கொண்டு, குளிர் திரும்பியதும் மறுபடி பரவின. இரண்டாம் முறை ஏன் பிழைக்கவில்லை? இரண்டாம் முறை அவை ஒதுங்கிய இடங்களில் மனிதன் இருந்தான்.

போலந்தின் கிராக்கோவில் நூற்றுக்கும் மேற்பட்ட மாமூத்துகளின் எலும்புகள் குவிந்து கிடந்த இடத்தில், 25,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு விலா எலும்பில் கல் ஈட்டிமுனையின் துணுக்கு குத்தியபடியே இருக்கிறது. சைபீரியாவின் லுகோவ்ஸ்கோயேவில் ஒரு முதுகெலும்பில் அதே மாதிரி தடம். 2012-ல் யெனிசெய் ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறுவன் கண்டுபிடித்த மாமூத்தின் எலும்புகளில் இருந்த காயங்கள் 45,000 ஆண்டுகளுக்கு முந்தைய வேட்டையின் அடையாளம் என்கிறார்கள். உக்ரைனின் மெஜிரிச்சில் மாமூத் தாடையெலும்புகளை அடுக்கி வீடே கட்டியிருக்கிறார்கள். கொன்ற எலும்பாகவே இருக்க வேண்டும் என்பதில்லை, பொறுக்கிச் சேர்த்ததாகவும் இருக்கலாம். இதையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். யானை 22 மாதம் சுமந்து ஒரு குட்டி போடும், அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் ஆகும். மாமூத்தும் அந்த வகைதான். அப்படிப்பட்ட இனத்தில், ஏற்கெனவே இடம் சுருங்கிச் சிதறிக் கிடக்கும் மந்தையில், ஆண்டுக்குச் சில பெண் மிருகங்கள் கூடுதலாகப் போனாலே போதும். வேட்டை பெரிதா, வானிலை பெரிதா என்று அறிஞர்கள் இன்னும் முட்டிக்கொள்கிறார்கள். ஈரம்தான் கொன்றது என்கிற ஆய்வும் இருக்கிறது, மனிதன் இல்லாவிட்டால் பிழைத்திருக்கும் என்கிற ஆய்வும் இருக்கிறது. வானிலை கழுத்தை நெரித்தது, மனிதன் விடவில்லை என்பது என் கணிப்பு. அதை நம்பச் சொல்லி உங்களிடம் கேட்கவில்லை. பலகையில் இந்தச் சண்டைக்கு இடம் கொடுங்கள் என்கிறேன்.

இனி உங்கள் "10,000 ஆண்டுகள்". பெருநிலத்தில் பெரும்பாலான இடங்களில் மாமூத் மறைந்தது அந்தச் சமயத்தில்தான், மறுக்கவில்லை. ஆனால் கதையின் உயிரான பகுதி அதற்குப் பிறகுதான் நடக்கிறது. கடல் ஏறியபோது சில மேடுகள் தீவுகளாயின. அவற்றின் மேல் மாமூத்துகள் மாட்டிக்கொண்டன.

அலாஸ்காவுக்கு மேற்கே பெரிங் கடலில் செயின்ட் பால் என்றொரு சின்னத் தீவு. அங்கே 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரஷ்யர்கள் இறங்கும்வரை மனிதன் வாழ்ந்த தடமே இல்லை. வேட்டைக்காரன் இல்லாத தீவில் மாமூத்துக்கு என்ன ஆயிற்று? ஆய்வாளர்கள் அங்குள்ள ஏரியின் அடியில் குழாயை இறக்கி, அடுக்கடுக்கான வண்டலை வெளியே எடுத்துப் பார்த்தார்கள். சாணத்தில் வளரும் பூஞ்சையின் வித்துகளும் மாமூத்தின் டிஎன்ஏவும் சுமார் 5,600 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்கோடு நின்றுபோகின்றன. அதே அடுக்குகளில் இருந்த நுண்ணுயிர்கள், ஏரி வற்றி வற்றி, தண்ணீர் கலங்கி, உப்பேறிக்கொண்டே போனதைக் காட்டுகின்றன. கடல் ஏறத் தீவு சுருங்கியது, வானிலை வறண்டது, ஏரிகள் குறைந்தன. இருக்கிற ஏரியைச் சுற்றியே மந்தை முழுக்க நின்று மிதித்ததில் கரையின் செடிகொடி போய், மண் சரிந்து ஏரியே தூர்ந்தது. யானைக்கு ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். செயின்ட் பால் மாமூத்துகள் குடிக்கத் தண்ணீரின்றி அழிந்தன என்பதுதான் 2016-ல் வந்த முடிவு. அதைப் படித்த அன்று கோடையில் வண்டித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும் எங்கள் தெருவுக்கு இந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தெர்மாகோல் பனிக்கு நடுவில் இந்த ஏரியை ஒரு மூலையில் வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இன்னொன்று ராங்கல் தீவு. சைபீரியக் கரையிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர் வடக்கே, ஆர்க்டிக் கடலில். சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அது தீவானது. அங்கே மாமூத்துகள் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்வரை வாழ்ந்தன என்று ரஷ்ய ஆய்வாளர் வர்தான்யானும் உடனிருந்தவர்களும் 1993-ல் அறிவித்தபோது அறிவியல் உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. 4,000 ஆண்டு என்றால் எகிப்தில் கீசா பிரமிடு கட்டி முடித்து ஐந்நூறு ஆண்டுக்கும் மேல். இந்தப் பக்கம் ஹரப்பா நகரங்களில் யானை உருவம் செதுக்கிய முத்திரைகள் புழக்கத்தில் இருந்த காலம். இங்கே ஒருவர் முத்திரையில் யானையைச் செதுக்கிக்கொண்டிருந்தபோது, வடக்கே அதன் மயிரடர்ந்த உறவு உயிரோடு மேய்ந்துகொண்டிருந்தது. என் வகுப்பில் இதைச் சொன்ன அன்று மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை. உங்கள் பலகை இந்த ஆறாயிரம் ஆண்டுகளை ஒரே வரியில் அடித்துவிட்டது.

ராங்கல் மந்தையின் மரபணுவை வைத்து 2024-ல் வந்த ஆய்வு இன்னும் விசித்திரம். தீவு தனியானபோது அதிகபட்சம் எட்டு மிருகங்களிலிருந்துதான் முழு மந்தையும் பெருகியிருக்கிறது. இருபது தலைமுறைக்குள் 200, 300 என்று ஏறி, பிறகு ஆறாயிரம் ஆண்டுகள் அப்படியே தாக்குப்பிடித்திருக்கிறது. நெருங்கிய ரத்தத்துக்குள்ளேயே கூடிக் கூடி மரபணுவில் கோளாறு சேர்ந்தது உண்மை. ஆனால் அது மெல்ல மெல்ல மந்தையை அரித்துத் தீர்த்ததாகத் தடயம் இல்லை. முடிவு திடீரென்று வந்திருக்கிறது. நோயா, ஒரு மோசமான பருவமா என்பதற்கு இன்னும் விடை இல்லை. மனிதன் அந்தத் தீவில் இருந்ததற்குக் கிடைத்த ஆதாரமோ கடைசி மாமூத்துக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியது. சைபீரியப் பெருநிலத்திலேயே தைமிர் பகுதியில் அதே காலம்வரை மாமூத் இருந்ததாக மண்ணில் கிடைத்த டிஎன்ஏவை வைத்துச் சிலர் சொல்கிறார்கள். அது பழைய எலும்புகளிலிருந்து கரைந்து வந்ததாக இருக்கலாம் என்று வேறு சிலர் மறுக்கிறார்கள்.

ஆகவே ஐரோப்பாவில் ஒரு காரணம், செயின்ட் பாலில் ஒரு காரணம், ராங்கலில் இன்னொன்று. இதை ஒரே புயலில் முடிக்க நினைத்தது யார் என்று எனக்குத் தெரியவில்லை. இணையத்திலிருந்து எடுத்து ஒட்டியிருப்பார்கள்.

பிளெக்ஸ் விஷயம் கொஞ்சம் முக்கியமானது. 2021-ல் தொடங்கிய கொலாசல் என்ற அமெரிக்க நிறுவனம் 2028-க்குள் குட்டியைக் காட்டுவோம் என்று சொல்லியிருப்பது நிஜம். 2025 மார்ச்சில் மயிரடர்ந்த எலிகளைச் செய்துகாட்டினார்கள். ஆனால் அவர்கள் செய்யப் பார்ப்பது ஆசிய யானையின் செல்லில் மாமூத்தின் சில மரபணு மாற்றங்களைப் புகுத்துவது. பிறந்தால் அது மயிர் உள்ள ஆசிய யானை. "உயிரோடு திரும்பி வருகிறது" என்று போடுவது, செத்தால் என்ன, திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல ஆகிறது. மாமூத்துக்கு உயிரோடு இருக்கும் மிக நெருங்கிய உறவு ஆப்பிரிக்க யானை அல்ல, முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் நடமாடும் நம் யானைதான். இரண்டும் பிரிந்தது சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன். அந்த ஆசிய யானையே இன்று அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. உங்கள் அரங்கில் இந்த உறவைப் பற்றி ஓர் எழுத்துகூட இல்லை. உறவுக்காரரின் பெயர் இல்லாத குடும்பப் படமா?

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். அடுத்த ஊரில் கதவு திறப்பதற்கு முன் அந்தப் பலகையை எடுத்துவிடுங்கள். புதிதாக அச்சடிக்க நேரமில்லை என்றால் வெள்ளைத் தாள் ஒட்டி மூடுங்கள். வெறும் பலகை பொய்ப் பலகையைவிட நல்லது. புதிய பலகைக்கு இந்த வரிகளை அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம், எனக்குக் காசோ பெயரோ வேண்டாம்:

"கம்பளி மாமூத். ஸ்பெயின் முதல் யூகான் வரை பரந்த குளிர்ந்த, காய்ந்த புல்வெளிகளில் வாழ்ந்தது. பூமி சூடேறி ஈரமானதால் புல்வெளி சுருங்கியது, மனிதர்களும் வேட்டையாடினார்கள். பெருநிலத்தில் பெரும்பாலும் 10,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்தது. செயின்ட் பால் தீவில் சுமார் 5,600 ஆண்டுகளுக்கு முன் குடிநீர் இன்றி அழிந்தது. கடைசி மாமூத்துகள் ராங்கல் தீவில் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்வரை இருந்தன. அவை ஏன் அழிந்தன என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது. இன்று இதற்கு மிக நெருங்கிய உறவு ஆசிய யானை."

ஒலிபெருக்கியில் ஓடும் விளக்கத்தையும் இதற்கேற்ப மாற்றிப் பதிவு செய்யுங்கள். டைனோசர் அரங்கை மாமூத் அரங்கிலிருந்து பிரியுங்கள். முடியாவிட்டால் இடையில் "இங்கிருந்து ஆறு கோடி ஆண்டுகள்" என்று ஒரு வளைவாவது வையுங்கள். 2028 பிளெக்ஸை இறக்குங்கள். காதை வெட்டிச் சின்னதாக்குவதற்கு ஒரு கத்தரிக்கோலும் அரை மணி நேரமும் போதும். அந்த மனிதப் பல்லையும் மாற்றுங்கள். முடியாவிட்டால் வாயையாவது மூடி வையுங்கள்.

பள்ளிகளுக்குப் போன அழைப்பில் "பாடத்திட்டத்துக்குத் துணையான கல்விச் சுற்றுலா" என்று போட்டிருக்கிறீர்கள். பலகையைத் திருத்தும்வரை அந்த வரியை எடுத்துவிடுங்கள். பொழுதுபோக்கு என்று போட்டால் யாரும் உங்களைக் கேள்வி கேட்கப்போவதில்லை, டிக்கெட்டும் விற்கும். கல்வி என்று போட்டால் கல்விக்குரிய பொறுப்பும் சேர்ந்தே வரும். அடுத்த ஊரில் பிள்ளைகளைக் கூட்டிப்போகவிருக்கும் ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: பலகை மாறிவிட்டதா என்று முதலில் தொலைபேசியில் விசாரியுங்கள், அதன் பிறகு பணம் கட்டுங்கள்.

நிர்வாகத்திலிருந்து பொறுப்பான ஒருவர், எதை மாற்றுகிறோம், எப்போதுக்குள் மாற்றுகிறோம் என்று கையெழுத்திட்டு எழுத்தில் பதில் தர வேண்டும். கும்பிடு படம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியை